பட்டம் முடியும் முன்பே என்பிஏவுக்குப் போகலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நன்றாக ஆடிவரும் ஒரு மாணவர், பட்டப்படிப்பை முடிக்காமல் முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ விலகித் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவது சரியா?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள் சிலர். படிப்புதான் கடைசிவரை கூட வரும், முடித்துவிட்டுப் போ என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும், இரண்டுமே எதிரே நிற்கும் மாணவரின் நிலையைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. நான் சொல்வது வேறு. என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், அதிலும் முதல் இருபது இடங்களுக்குள் எடுக்கப்படுவார் என்று பல அணிகளின் வாயிலாகத் தெளிவாகத் தெரியவந்தால், அவர் தயங்காமல் போகலாம். அந்த உறுதி இல்லையென்றால், "இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆடினால், என்னைப் பற்றி அணிகளுக்கு இதுவரை தெரியாத எது தெரியவரும்?" என்ற கேள்விக்கு அவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்தான் அவர் முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில், பள்ளிப்படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே என்பிஏவில் ஆட முடியும் என்று இருந்தது. ஸ்பென்சர் ஹேவுட் என்ற வீரர் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று அவருக்குச் சாதகமாக அமைந்த பிறகு அந்தக் கதவு திறந்தது. 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியோர் பள்ளியிலிருந்து நேராகவே வந்தார்கள். லீக்கும் வீரர் சங்கமும் 2005இல் செய்த ஒப்பந்தம் அந்த வழியை மூடி, குறைந்தபட்ச வயது 19 என்றும், அமெரிக்க வீரர் என்றால் பள்ளி முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும் என்றும் வகுத்தது. இன்று நடப்பிலிருக்கும் "ஓராண்டு ஆடிவிட்டுப் போவது" என்ற பழக்கம் அதிலிருந்து பிறந்ததுதான்.

இனி பணத்துக்கு வருகிறேன். டிராஃப்டில் இரண்டு சுற்றுகள் உண்டு, அதிகபட்சம் 60 பேர் எடுக்கப்படுவார்கள். முதல் சுற்றில் எடுக்கப்படுபவரின் ஊதியம் அவர் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதை ஒட்டிய அட்டவணைப்படி அமையும். முதல் இரண்டு ஆண்டுகளின் ஊதியத்துக்கு முழு உத்தரவாதம் உண்டு, மூன்றாம் நான்காம் ஆண்டுகளுக்கு அவரை வைத்துக்கொள்வது அணியின் விருப்பம். 2024 டிராஃப்டில் முதலிடத்தில் எடுக்கப்பட்டவரின் முதலாண்டு ஊதியம் ஏறத்தாழ 1.26 கோடி டாலர். முதல் சுற்றின் கடைசி இடமான 30ஆவது இடத்துக்கு அது ஏறத்தாழ 25 லட்சம் டாலர். ஆனால் 31ஆவது இடத்தில் எடுக்கப்படுபவருக்கு இந்த அட்டவணையும் கிடையாது, இந்த உத்தரவாதமும் கிடையாது. 30ஆவது வீரருக்கும் 31ஆவது வீரருக்கும் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை, கையெழுத்திடும் தாளில்தான் அந்த வேறுபாடு இருக்கிறது. லீக்கும் வீரர் சங்கமும் 2023இல் செய்த ஒப்பந்தம் இரண்டாம் சுற்று வீரர்களின் நிலையை ஓரளவு மேம்படுத்தியிருக்கிறது, அவர்களில் பலருக்கு இப்போது மூன்று நான்கு ஆண்டு ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன. என்றாலும் அது அணி மனம்வைத்துத் தருவது, விதி தருவது அன்று.

அதற்கும் கீழே இருப்பது 2017இல் வந்த டூ-வே ஒப்பந்தம். ஓர் அணி மூன்று பேரை இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பெரும்பாலும் ஜி லீக் எனப்படும் துணை லீகில் ஆடிக்கொண்டு, அழைக்கும்போது மூத்த அணிக்கு வர வேண்டும், அதுவும் பருவத்துக்கு 50 ஆட்டங்களுக்கு மேல் போகக் கூடாது. 2024-25 பருவத்தில் இவர்களின் ஊதியம் 5.8 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கிடைக்காமல் ஜி லீகில் மட்டும் ஆடுபவருக்கு ஒரு பருவத்துக்கு 40 ஆயிரம் டாலரை ஒட்டியே கிடைக்கிறது. அமெரிக்க நகரம் ஒன்றில் வாடகை கொடுத்துக் குடும்பத்துக்கும் அனுப்ப நினைப்பவருக்கு அது போதவே போதாது.

பத்தாண்டுகளுக்கு முன்பு இந்தக் கணக்கின் மறுபக்கத்தில் கல்லூரி உதவித்தொகை மட்டுமே இருந்தது. அதனால்தான், வறிய குடும்பத்துப் பிள்ளை ஒருவர் 40ஆவது இடத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லாமல் கிளம்பியபோது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. அந்தப் பக்கம் இன்று அடியோடு மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வீரர்களுக்கு முதலாண்டில் மொத்தம் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். அதில் பெரும்பகுதியை அமெரிக்கக் கால்பந்து விழுங்கிவிடும் என்றாலும், பெரிய கூடைப்பந்துப் பல்கலைக்கழகங்களின் முன்னணி வீரர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுவது இப்போது வியப்பான செய்தி அன்று. டூ-வே ஒப்பந்தத்தில் கிடைப்பதைவிட அது அதிகம். 2021இல் கல்லூரியில் ஆடும் தகுதிக்காலம் முடியும் முன்பே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106 பேர். பெருந்தொற்றால் கிடைத்த கூடுதல் தகுதியாண்டு 2021இன் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கியது என்பது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், பிள்ளைகள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பது தெரிகிறது.

ஆகவே 25ஆவது இடத்திலிருந்து 60ஆவது இடம் வரை எங்கும் போகலாம் என்று மதிப்பிடப்படும் மாணவருக்கு, பணத்துக்காக அவசரப்பட வேண்டிய தேவை இன்று இல்லை. ஆனால் "பணம் கிடைக்கிறது, அதனால் இரு" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அறிவுரை அரைகுறையானது. இருந்து என்ன செய்யப் போகிறார் என்பதே முக்கியம்.

இதற்கு என்பிஏ நட்சத்திரம் ஸ்டீபன் கரியின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2008 மார்ச்சில், கல்லூரிகளின் தேசியப் போட்டித் தொடரில், டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி கொன்சாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் ஆகிய அணிகளை அடுத்தடுத்து வீழ்த்திக் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது. கேன்சஸுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு புள்ளிகள் பின்தங்கியிருந்த நிலையில், கடைசி நொடிகளில் பந்து கரியிடம் இருந்தது. இரண்டு பேர் அவரை மறிக்க, அவர் பந்தைத் தன் அணியின் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டான ஜேசன் ரிச்சர்ட்ஸுக்குக் கொடுத்தார். ரிச்சர்ட்ஸின் எறிதல் வளையத்தில் விழவில்லை, ஆட்டம் 59-57 என்று முடிந்தது. இரண்டாம் ஆண்டு மாணவரான கரியின் பெயர் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. அந்தச் சூட்டோடு டிராஃப்டுக்குப் போயிருந்தால் யாரும் தவறென்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் போகவில்லை. அவரைப் பற்றி அணிகளுக்கு இருந்த ஐயம் அவருடைய எறிதலைப் பற்றியது அன்று, அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இந்த மெலிந்த உடலோடு, ஆறடி மூன்றங்குல உயரத்தோடு, எறிதலை மட்டும் நம்பி என்பிஏவில் நிற்க முடியுமா, பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக அவரால் ஆட முடியுமா என்பதே கேள்வி. ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துச் சென்றுவிட்டதால், அடுத்த பருவத்தில் அந்தப் பொறுப்பு கரியின் கைக்கு வந்தது. ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றதோடு, சக வீரர்களுக்குப் பந்தைக் கொடுத்து ஆடவைக்கவும் தன்னால் முடியும் என்று காட்டினார். அந்த ஆண்டு டேவிட்சன் தேசியப் போட்டித் தொடருக்கே தகுதி பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சறுக்கிய ஆண்டு. ஆனால் அணிகளின் ஐயத்துக்கு விடை கிடைத்தது அந்த ஆண்டில்தான், 2009இல் அவர் ஏழாவது இடத்தில் எடுக்கப்பட்டார்.

ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு தங்கியதும் இப்படித்தான். அவரது மூன்று புள்ளி எறிதல் 36 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. நான்காம் ஆண்டில் அது 45 விழுக்காட்டைத் தாண்டியது, அணி கடைசி நான்கில் ஒன்றாக நின்றது, 2016 டிராஃப்டில் அவர் ஆறாவது இடத்தில் போனார். எறிதல் என்பது தனியாக உட்கார்ந்து மெருகேற்றக்கூடிய திறன் என்பதால், "இருக்கிறேன், இதைச் சரிசெய்கிறேன்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு பொருள் இருந்தது.

இருந்து நட்டப்பட்டவர்களும் உண்டு. கலிபோர்னியா பெர்க்லியின் ஐவன் ராப் 2016இல் முதலாண்டு முடித்தபோது முதல் 14 இடங்களுக்குள் போவார் என்று பரவலாகக் கணிக்கப்பட்டவர். அவர் தங்கினார், அடுத்த ஆண்டு 35ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாரெட் சலிஞ்சர் 2011இல் இதேபோல் தங்கினார், 2012இல் மருத்துவச் சோதனையில் முதுகைப் பற்றிய ஐயம் எழுந்ததால் 21ஆவது இடத்துக்குச் சரிந்தார். இவர்கள் யாரும் சோம்பியிருக்கவில்லை. பத்தொன்பது வயது வீரரை அணிகள் வாங்கும்போது, அவர் இன்று என்னவாக இருக்கிறார் என்பதற்கு மட்டும் விலை கொடுப்பதில்லை, நாளை என்னவாகக்கூடும் என்ற கற்பனைக்கும் சேர்த்தே கொடுக்கின்றன. ஓராண்டு கூடுதலாக ஆடும்போது அந்தக் கற்பனையின் இடத்தில் ஆதாரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஆதாரம் நம் பக்கம் பேசும் என்று தெரிந்தவருக்குத் தங்குவது நல்லது. அது எந்தப் பக்கம் பேசும் என்று தெரியாதவர், உயர்ந்த இடம் கையில் இருக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது.

வயது தரும் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும், இதை மாணவர்களைவிட முகவர்கள் நன்றாக அறிவார்கள். என்பிஏவில் ஒரு வீரர் பெறக்கூடிய உச்ச ஊதியம் அவர் லீகில் கழித்த ஆண்டுகளைப் பொறுத்தது. ஆறு ஆண்டுகள் வரை ஆடியவருக்குப் பொதுவாக அணியின் ஊதிய வரம்பில் 25 விழுக்காடு, ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் என்றால் 30 விழுக்காடு, பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் என்றால் 35 விழுக்காடு. 2025-26 பருவத்தில் அந்த வரம்பு ஏறத்தாழ 15.46 கோடி டாலர். பத்தொன்பது வயதில் நுழைந்தவர் பத்தாண்டுகளை இருபத்தொன்பது வயதில் முடிக்கிறார், அப்போது அவர் உடல் இன்னும் உச்சத்தில் இருக்கும். இருபத்திரண்டு வயதில் நுழைந்தவருக்கு அந்தப் படி முப்பத்திரண்டில்தான் வரும், அந்த வயதில் எந்த அணியும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கொட்டாது. ஆகையால், முதல் ஐந்து இடங்களுக்குள் போகக்கூடிய ஒருவரிடம் "இன்னும் ஓராண்டு இரு" என்று சொல்பவர், முதலாண்டு ஊதியத்தை மட்டும் இழக்கச் சொல்லவில்லை. தொழில் வாழ்க்கையின் கடைசியில் வரவேண்டிய ஒரு பெரிய ஆண்டையே இழக்கச் சொல்கிறார். இதை உணர்ந்தால், 2025இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு முதலிடத்தில் சென்ற கூப்பர் ஃபிளாக் போன்றவர்களுக்கு அறிவுரையே தேவையில்லை என்பது விளங்கும்.

காயத்தைப் பற்றிய அச்சம் உண்மையானதுதான், ஆனால் அளவுக்கு மீறிப் பேசப்படுகிறது. 2019 பிப்ரவரியில் டியூக்கின் சயான் வில்லியம்சன், நார்த் கரோலினாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் வழுக்கினார், காலணி பிளந்து பாதம் வெளியே வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்த எவருக்கும், இந்தப் பையன் ஏன் இன்னும் சம்பளமின்றி ஆடிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது சிறிய சுளுக்கு. சில வாரங்களில் திரும்பிவந்து ஆடினார், அந்த ஆண்டே முதலிடத்தில் எடுக்கப்பட்டார். காயம் தொழில்முறை ஆட்டத்திலும் வரும், அங்கே ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். ஆகவே காயத்துக்குப் பயந்து போவது என்பது, உத்தரவாதமான ஒப்பந்தம் கிடைப்பவருக்கு மட்டுமே பொருந்தும் காரணம். உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தில் காயம்பட்டவரின் நிலை கல்லூரியில் காயம்பட்டவரின் நிலையைவிட மோசமானது.

உத்தரவாதமில்லாமல் போவது எப்படியிருக்கும் என்பதற்கு, நம் மக்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு பெயரைச் சொல்கிறேன். கனடாவில் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்த ஏழடி ஐந்தங்குல உயரமான சிம் புல்லர், நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு 2014இல் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். 60 பேரில் அவர் பெயர் வரவில்லை. சேக்ரமென்டோ அணி அவரை ஒப்பந்தம் செய்து, பருவம் தொடங்குவதற்கு முன் விடுவித்து, துணை லீகில் ஆடவைத்து, 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தத்தில் அழைத்தது. இந்திய வம்சாவளியில் என்பிஏவில் ஆடிய முதல் வீரர் அவர், அந்தப் பெருமை அவரிடமிருந்து என்றும் போகாது. ஆனால் அவர் ஆடியது மூன்று ஆட்டங்களில், மொத்தமே சில நிமிடங்கள். அவருடைய உயரம் எல்லோருக்கும் தெரிந்ததே, இன்றைய வேகத்தில் அந்த உடலால் இரு முனைக்கும் ஓட முடியுமா என்பதே எஞ்சியிருந்த கேள்வி. அந்தக் கேள்விக்குக் கல்லூரியில் விடை சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அதே கேள்வியை எதிர்கொண்ட இன்னொரு கனடியர், பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஏழடி நான்கங்குல ஸாக் ஈடி, 2023இல் நாட்டின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற பிறகும் டிராஃப்டுக்குக் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான்காம் ஆண்டில் அதே விருதை மீண்டும் வென்று, அணியை இறுதியாட்டம் வரை கொண்டுசென்று, 2024இல் ஒன்பதாவது இடத்தில் எடுக்கப்பட்டார். மாணவர் விசாவில் வந்திருக்கும் வெளிநாட்டு வீரர்களுக்கு விளம்பர வருமானம் ஈட்டுவதில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. மேலே நான் சொன்ன கல்லூரிப் பணக்கணக்கு அவர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. இந்தியாவிலிருந்து அங்கே போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலிலேயே ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிம் டங்கன் பதினான்கு வயது நிறையும் தறுவாயில் தாயை இழந்தவர். பட்டம் பெறுவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக வேக் ஃபாரஸ்டில் நான்கு ஆண்டுகளையும் முடித்துவிட்டு, 1997இல் முதலிடத்தில் போனார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ஆனால் அது அவருடைய வாக்கு, எல்லோருக்குமான விதி அன்று. மூன்றாம் ஆண்டு முடிந்து 1984இல் கிளம்பிய மைக்கேல் ஜோர்டான் 1986இல் பட்டத்தை முடித்தார். 1992இல் கிளம்பிய ஷாக்கில் ஓ'நீல் 2000இல் முடித்தார். கரி 2022இல் முடித்தார். உதவித்தொகையில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு விலகும் கூடைப்பந்து வீரர் பத்து ஆண்டுகளுக்குள் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினால், பட்டத்தை முடிக்கும் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்ற விதி 2018 சீர்திருத்தங்களில் வந்தது. விலகுவதற்கு முன் எத்தனை பாடங்கள் மீதமுள்ளன என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பு காத்திருக்கும், ஆட்டம் காத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பயிற்சியாளருக்கு அந்த மாணவர் அடுத்த ஆண்டும் வேண்டும். முகவருக்கு ஒப்பந்தத்திலிருந்து 4 விழுக்காடு வரை தரகு உண்டு, ஒப்பந்தம் இல்லாதவரை ஒன்றுமில்லை. உறவினர்களில் சிலர் இதற்குள் கடன் வாங்கிவிட்டிருப்பார்கள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் அல்லர், ஆனால் யாருமே நடுநிலையில் இல்லை. நார்த் கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் தம் வீரர் ஒருவர் இந்த நிலைக்கு வரும்போது, என்பிஏ அணிகளைத் தாமே தொலைபேசியில் அழைத்து எந்த இடத்தில் எடுப்பார்கள் என்று விசாரிப்பார். உயர்ந்த இடம் உறுதியென்றால், தம் அணி பலவீனமாகும் என்று தெரிந்தும் "போய் வா" என்பார். ஜேம்ஸ் வொர்த்தியும் ஜோர்டானும் அப்படித்தான் போனார்கள். அப்படிப்பட்ட பயிற்சியாளர் வாய்த்தவர் அவர் சொல்லைக் கேட்கலாம். வாய்க்காதவர், அந்தத் தொலைபேசி அழைப்புகளைச் செய்ய வேறொருவரைத் தேட வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விட வேண்டிய நிலையும் இப்போது இல்லை. பெயர் கொடுப்பதற்கு முன்பே, என்பிஏ அணி அதிகாரிகள் அடங்கிய ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்கலாம். முதல் 14 இடங்களா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, எதுவுமில்லையா என்று அது சொல்லும். 2018 முதல், அங்கீகாரம் பெற்ற முகவரை வைத்துக்கொண்டே தகுதியை இழக்காமல் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மே மாதம் சிகாகோவில் நடக்கும் காம்பைன் என்ற சோதனை முகாமில் காலணியின்றி உயரம் அளப்பார்கள், கை விரிப்பை அளப்பார்கள், நின்றபடி கை எட்டும் உயரத்தை அளப்பார்கள், ஒவ்வொரு அணியாக அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் "என்னை எடுப்பீர்களா?" என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டு நல்லதே சொல்வார்கள். "உங்கள் அணியில் என் இடத்தில் ஆடுபவர்கள் யார், அவர்களில் யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, நான் முதலாண்டை ஜி லீகில் கழிப்பேனா?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் அணிதான் உண்மையில் அவரைப் பற்றி யோசித்திருக்கும் அணி.

பெயரைத் திரும்பப் பெறுவதற்கு இரண்டு காலக்கெடுகள் உள்ளன, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் காலக்கெடு காம்பைன் முடிந்து பத்தாவது நாள், பெரும்பாலும் மே மாத இறுதியில் வரும். என்பிஏவின் காலக்கெடு டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்பு, ஜூனில் வரும். பிந்தைய தேதியை நம்பிக் காத்திருப்பவர் டிராஃப்டிலிருந்து விலகலாமே தவிர, கல்லூரி அணிக்குத் திரும்பும் வழியை அதற்குள் இழந்திருப்பார். ஆகவே நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது மே மாதத் தேதியை. அதற்கு ஒரு வாரம் முன்பே, மதிப்பீட்டுக் கடிதம், அணிகள் சொன்ன பதில்கள், பல்கலைக்கழகம் எழுத்தில் தந்த தொகை ஆகிய மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு, வீட்டாரோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேசுங்கள்.